ஸ்டில்ட் பார்க்கிங் கூரையில் தொங்கும் 4 இஞ்ச் பைப்: தீ மேலே ஏறாமல் அடைப்பது எப்படி

சென்னையிலோ கோவையிலோ ஏதாவது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் நின்று அண்ணாந்து பாருங்கள். முதல் மாடி பாத்ரூம்களின் கழிவுப் பைப்புகள் அத்தனையும் ஸ்லாபைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, கிளாம்ப்பில் தொங்கி, மூலைக்கு ஓடும். அதற்கு நேர் கீழே வரிசையாகப் பைக்குகள். இப்போது சார்ஜரில் போட்ட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களும் சேர்ந்துகொண்டன. கட்டடத்திலேயே எரியக்கூடிய பொருள் அதிகம் குவிந்திருக்கும் இடம் இதுதான். மேலே போகும் ஓட்டைகள் அதிகம் இருக்கும் இடமும் இதுதான்.

ஸ்லாபைப் பற்றிக் கவலையில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 கணக்குப்படி 125 மிமீ தடிமனும், கம்பிக்கு மேல் சரியான கவரும் (கான்கிரீட் மூட்டம்) உள்ள ஆர்சிசி ஸ்லாப் 2 மணி நேரம் தீயைத் தாங்கும். தாங்காதது பைப். பிவிசி ஏறக்குறைய 80 டிகிரியிலேயே இளகிவிடும். பைக் எரியத் தொடங்கிய சில நிமிடங்களில் கூரையடியில் அதைவிடப் பல மடங்கு சூடு சேர்ந்துவிடும். பைப் தொய்ந்து அறுந்து விழும். ஸ்லாபில் மிஞ்சுவது 110 மிமீ விட்டமுள்ள வட்டம், அதாவது 95 சதுர செமீ திறந்த வழி. மேலே பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் ஃப்ளோர் டிராப்பில் 50 மிமீ தண்ணீர் நிற்கிறதே என்றால், அந்த டிராப்பும் பிவிசிதான். அதுவும் உருகும், தண்ணீரும் கொட்டிப்போகும். தூங்குகிறவர்களின் பாத்ரூம் வழியாக வீட்டுக்குள் முதலில் வருவது கரும்புகை. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் கிளம்பும். தொண்டையையும் கண்ணையும் அரிக்கும் வாயு அது.

அதனால் இந்த வேலையில் முதலில் மனதில் பதிய வேண்டியது ஒன்று. பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைப்பது பாதி வேலைதான். பைப் போன பிறகு அது இருந்த இடத்தையும் அடைக்க வேண்டும். சிமெண்ட் கலவை முதல் பாதியை மட்டும் செய்யும். பெரும்பாலான கட்டடங்களில் வேலை அத்தோடு நின்றிருக்கும்.

எந்தப் பைப்புக்கு எது

பைப்பின் பொருளைப் பார்க்காமல் அடைப்பானைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஜிஐ, வார்ப்பிரும்பு, செம்பு ஆகியவை தீயில் நிற்கும். சுற்றியுள்ள இடைவெளியை ராக்வுல்லும் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) ஃபயர் சீலன்ட்டும் (தீ தாங்கும் பசை) கொண்டு அடைத்தால் போதும். முழுத் தடிமனுக்கும் நெருக்கமாக அடித்த சிமெண்ட் கலவைகூட ஓரளவு வேலை செய்யும். இரும்பின் தொல்லை வேறு: சூட்டைக் கடத்தும். சுவரின் இந்தப் பக்கம் தீ என்றால் அந்தப் பக்கத்துப் பைப்பும் கொதிக்கும். அதை ஒட்டிப் பிளைவுட் அலமாரியோ துணிக் கூடையோ இருந்தால் அது பற்றும். குறைந்தது ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், அல்லது பைப்புக்கு ராக்வுல் உறை போட வேண்டும்.

யுபிவிசி, எஸ்டபிள்யுஆர், சிபிவிசி, பிபிஆர், ஹெச்டிபிஇ எல்லாம் பிளாஸ்டிக். இவற்றுக்குச் சூடு பட்டால் ஊதிப் பெருகும் அடைப்பான் வேண்டும். அதன் உயிர் பெரும்பாலும் கிராஃபைட். ஏறக்குறைய 200 டிகிரியை நெருங்கும்போது அது பல மடங்கு உப்பும். 110 மிமீ, 75 மிமீ பைப்புகளுக்கு இப்படி ஊதும் பட்டையை உள்ளே வைத்த இரும்பு வளையம் வருகிறது. அதுதான் ஃபயர் காலர். வெளிப்பக்கம் இரும்பு தடுப்பதால் பட்டை உள்பக்கமாக மட்டும் உப்பி, இளகிய பைப்பைக் கழுத்தைப் பிடித்து நெரிப்பதுபோல நசுக்கி, ஓட்டையை மூடிவிடும். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் சிபிவிசி போன்ற சின்னப் பைப்புகளுக்குக் காலர் தேவைப்படாது. ஊதும் வகைச் சீலன்ட்டே மூடிவிடும். ஆனால் அது ஊதும் வகையாக இருக்க வேண்டும். “ஃபயர் ரேட்டட் அக்ரிலிக்” என்று விற்கும் பல டியூப்கள் சுவர் மூட்டுகளுக்கானவை, ஊதாது. டியூபில் “இன்ட்யுமெசன்ட்” என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹில்டியின் எஃப்எஸ்-ஒன் மேக்ஸ், 3எம்மின் சிபி 25டபிள்யுபி+ ஆகியவை ஊதும் வகை.

நைட்ரைல் ரப்பர் உறை போட்ட சோலார் வெந்நீர்ப் பைப் தனி ரகம். பைப் செம்பாகவே இருந்தாலும் உறை எரிந்துபோய்ச் சுற்றிலும் ஒரு விரல் தடிமனுக்கு இடைவெளி விடும். அதற்கும் ஊதும் பட்டையோ ஊதும் சீலன்ட்டோதான் வேண்டும்.

எந்தச் சுவரை, எந்த ஸ்லாபை

வீட்டிலுள்ள எல்லா ஓட்டைகளையும் ஃபயர் சீலன்ட்டால் அடைக்கத் தேவையில்லை. கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவே கதவே இல்லாதபோது அந்தச் சுவரில் பைப் ஓட்டையை அடைத்து என்ன பயன்? தீயைத் தடுக்க வேண்டிய எல்லை எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். குடியிருப்பில் அது பெரும்பாலும் நான்கு இடங்கள்: பார்க்கிங்குக்கு மேலுள்ள ஸ்லாப், வீட்டுக்கும் படிக்கட்டு லாபிக்கும் இடைச்சுவர், பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர், மூடிய பிளம்பிங் ஷாஃப்ட்டின் சுவர்.

ஷாஃப்ட் விஷயத்தில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அதாவது என்பிசி 2016, பகுதி 4 தெளிவாகவே சொல்கிறது. சர்வீஸ் ஷாஃப்ட்டின் சுவர் 120 நிமிடம் தாங்க வேண்டும். பரிசோதனைக் கதவுக்கும் ஷாஃப்ட்டின் வகையைப் பொறுத்துத் தனி நேர அளவு உண்டு. தமிழ்நாட்டில் 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டவை உயரமான கட்டடங்கள். தீயணைப்புத் துறையின் பார்வை அவற்றின் மீதுதான் அதிகம். ஆனால் ஸ்டில்ட் பிளஸ் நான்கு மாடி வீட்டிலும் புகை அதே வேகத்தில்தான் ஏறும்.

ஷாஃப்ட்டில் ஒவ்வொரு மாடியிலும் ஸ்லாப் போட்டிருந்தால் அந்த ஸ்லாபில் அடையுங்கள். அடியிலிருந்து மொட்டை மாடி வரை ஒரே குழியாக இருந்தால் ஷாஃப்ட் சுவரில், பைப் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அடையுங்கள். பழைய கட்டடங்களில் டக்ட் என்பது வானத்தைப் பார்த்துத் திறந்த சந்து, பாத்ரூம் வென்டிலேட்டரும் அதில்தான் திறக்கும். அங்கே கண்ணாடிச் சட்டம் போட்ட வென்டிலேட்டரை அப்படியே விட்டுவிட்டுப் பைப் ஓட்டைக்குக் காலர் மாட்டுவது வீண் செலவு. அந்தக் காசைப் பார்க்கிங் ஸ்லாபுக்குப் போடுங்கள்.

டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படிப்பது

கடையில் “2 மணி நேரம், 4 மணி நேரம்” என்று சொல்வார்கள். டியூபுக்கென்று தனியாக மணி நேரக் கணக்கு கிடையாது. இன்ன தடிமன் ஸ்லாப், இன்ன விட்டத் துளை, இன்ன பைப், இத்தனை மிமீ ஆழம் சீலன்ட், பின்னால் இவ்வளவு ராக்வுல் என்று முழு அமைப்பையும் சேர்த்துத்தான் உலையில் வைத்து எரித்துப் பார்க்கிறார்கள். அமெரிக்க வழியில் அது யுஎல் 1479 அல்லது ஏஎஸ்டிஎம் ஈ 814. ஐரோப்பிய வழியில் ஈஎன் 1366-3. எந்த வழியானாலும் அந்த அமைப்பின் வரைபடத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள்.

யுஎல் எண் முதலில் மிரட்டும். உடைத்துப் பார்த்தால் எளிது. சி-ஏஜே-2 என்று தொடங்கி மேலும் மூன்று இலக்கம் வரும் என்று வையுங்கள். முதல் எழுத்து எஃப் என்றால் தளம், டபிள்யு என்றால் சுவர், சி என்றால் இரண்டுக்கும். ஏ என்பது 5 இஞ்ச் வரையுள்ள கான்கிரீட் தளம், ஜே என்பது 8 இஞ்ச் வரையுள்ள கான்கிரீட் அல்லது கட்டுச்சுவர். எண் 1000 வரிசை என்றால் உலோகப் பைப், 2000 வரிசை பிளாஸ்டிக் பைப், 3000 கேபிள், 5000 உறை போட்ட பைப். பிவிசி பைப்புக்கு 1000 வரிசை ரிப்போர்ட்டை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இது நிறையவே நடக்கிறது.

அதில் எஃப் ரேட்டிங் என்பது தீப்பிழம்பு மறுபக்கம் வராமல் நின்ற நேரம். டி ரேட்டிங் என்பது மறுபக்கம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சூடேறாமல் நின்ற நேரம். இரும்புப் பைப்பில் எஃப் 2 மணி, டி 0 என்று வந்தால் அதிர வேண்டாம். இரும்பு சூட்டைக் கடத்துவதுதான் காரணம்.

ஐரோப்பிய ரிப்போர்ட்டில் யு/யு, யு/சி என்று இருக்கும். சோதனையின்போது பைப்பின் முனை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது அது. முதல் எழுத்து உலைக்குள் இருந்த முனை, இரண்டாவது வெளியே இருந்த முனை. மொட்டை மாடியில் வென்ட் வைத்த கழிவுப் பைப்பில் காற்று இழுக்கும், புகைபோக்கி மாதிரி. அதற்கு யு/யு சோதனைதான் பொருந்தும். தண்ணீர்ப் பைப்புக்கு யு/சி போதும்.

எவ்வளவு வாங்குவது

சுற்று இடைவெளியின் பரப்பை ஆழத்தால் பெருக்கினால் சீலன்ட் அளவு கிடைக்கும். கான்கிரீட்டை வட்டமாக அறுக்கும் 5 இஞ்ச் கோர் பிட்டில் போட்ட துளை 127 மிமீ. அதில் 110 மிமீ பைப். இடைவெளிப் பரப்பு சுமார் 3,160 சதுர மிமீ. 25 மிமீ ஆழம் என்றால் 79 மிலி. அதே பைப் 150 மிமீ துளையில் இருந்தால் 204 மிலி. துளை ஒரு இஞ்ச்சுக்கும் குறைவாகப் பெரிதானதற்கு இரண்டரை மடங்கு சீலன்ட். கோர் கட்டிங் ஆள் “கையில் 6 இஞ்ச் பிட்தான் இருக்கு” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாததற்கு இதுவே காரணம் போதும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பார்க்கிங் கூரையில் 110 மிமீ பைப் 4, அவை 127 மிமீ துளையில். 75 மிமீ பைப் 6, அவை 100 மிமீ துளையில், ஒவ்வொன்றுக்கும் 86 மிலி. மொத்தம் 832 மிலி. வீணாவதற்கு 15 சதவீதம் சேர்த்தால் 957. 310 மிலி டியூப் நான்கு. காலர் 110க்கு நான்கு, 75க்கு ஆறு. ஒரு காலருக்கு மூன்று அல்லது நான்கு காது (ஸ்லாபோடு முடுக்கத் துளையிட்ட தகடு) இருக்கும், அத்தனைக்கும் இரும்பு ஆங்கர். ராக்வுல் ஒரு பலகை, அடர்த்தி கன மீட்டருக்கு 80 முதல் 100 கிலோ வரை. கண்ணாடிப் பஞ்சு கூடாது. அது 700 டிகிரிக்குள் உருகிவிடும், ராக்வுல் 1,000 டிகிரியிலும் நிற்கும்.

டியூபின் காலாவதித் தேதியைப் பாருங்கள். கோடையில் கார் டிக்கியில் இரண்டு நாள் கிடந்த டியூப் கட்டிதட்டிப்போய்ச் சீலன்ட் கன்னில் வராது. நிழலான இடத்தில் வையுங்கள்.

பார்க்கிங் ஸ்லாபில் செய்யும் முறை

பார்க்கிங் கூரை பொதுச் சொத்து. அசோசியேஷனில் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். பைக்குகளை நகர்த்தி, சாரம் அல்லது ஸ்டூல் போட்டுப் பைப்பின் தலைப்பகுதிக்குக் கண் எட்டும்படி ஏறுங்கள்.

முதலில் கசிவு. மேல் வீட்டு பாத்ரூம் டிராப்பில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கீழிருந்து பாருங்கள். துளையைச் சுற்றி ஈரமோ வெள்ளைப் பூப்போ இருந்தால் வாட்டர்ப்ரூஃபிங் கோளாறு. அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றது. ஃபயர் சீலன்ட் தண்ணீரைத் தடுக்காது. அக்ரிலிக் வகை தொடர்ந்து ஈரத்தில் இருந்தால் கரைந்து வெள்ளைச் சோறு மாதிரி உதிரும். கசிவை ஃபயர் சீலன்ட்டால் அடைக்க முயன்றவர்கள் இரண்டையும் இழந்திருக்கிறார்கள்.

அடுத்து, பழைய அடைப்பை நீக்க வேண்டும். துளையின் வாயில் அழகாகப் பூச்சு இருக்கும். உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் அது கால் இஞ்ச் தடிமன் ஓடாகப் பெயர்ந்து வரும். அதற்குப் பின்னால் கசக்கித் திணித்த சிமெண்ட் மூட்டைச் சாக்கு, அதற்கு மேல் தெர்மகோல் துண்டு, அதற்கும் மேல் வெற்றிடம். பூசி மெழுகுவது என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது. எல்லாவற்றையும் கொக்கிக் கம்பியால் இழுத்து வெளியே எடுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டாம். சின்ன உளியும் கையும் போதும். பிவிசி பைப்பில் உளி பட்டால் முடி மாதிரி விரிசல் விழும், ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

துளை ஒழுங்கற்று, ஒரு பக்கம் 10 மிமீயும் மறுபக்கம் 60 மிமீயுமாக இருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஸ்லாபை உடைத்துப் போட்டவை) முதலில் அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பைப்பைச் சுற்றி 10 முதல் 15 மிமீ தடிமனில் ஃபோம் ஷீட் சுற்றிக் கட்டுங்கள். மிச்சத்தைச் சுருங்காத கிரவுட்டால் அல்லது 1:3 சிமெண்ட்-மணல் கலவையால் ஸ்லாபின் முழு உயரத்துக்கும் இறுக்கமாக நிரப்புங்கள். இறுகியதும் ஃபோமை உருவி எடுத்தால் சீரான வளைய இடைவெளி கிடைக்கும். பைப்பைக் கலவை நேராகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. பிவிசி ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.06 மிமீ நீளும். மூன்று மீட்டர் பைப்பில் 20 டிகிரி மாற்றத்துக்கு மூன்றரை மிமீ அசைவு. கலவை அந்த அசைவில் விலகி, முடியளவு இடைவெளி விடும்.

இப்போது ராக்வுல். இடைவெளியைவிட ஒன்றரை மடங்கு அகலமான பட்டைகளாக வெட்டி, மரச் சிம்பால் குத்திக் குத்தி உள்ளே ஏற்றுங்கள். விரலால் அழுத்தினால் திருப்பித் தள்ள வேண்டும், அந்த இறுக்கம். கீழ் விளிம்பிலிருந்து 25 மிமீ உள்ளே நிறுத்துங்கள், அல்லது ரிப்போர்ட் சொல்லும் ஆழத்தில். கையுறையும் மாஸ்க்கும் கண்ணாடியும் போடுங்கள். அண்ணாந்து செய்யும் வேலை, தூள் முழுக்க முகத்தில்தான் கொட்டும்.

பிறகு துளையின் ஓரத்தைப் பிரஷ்ஷால் துடைத்து, லேசாக ஈரப்படுத்தி, சீலன்ட்டை அடியிலிருந்து ஏற்றுங்கள். நாஸிலை ராக்வுல்லைத் தொடும்வரை உள்ளே விட்டு, பின்வாங்கிக்கொண்டே நிரப்ப வேண்டும். வாயில் மட்டும் ஒரு கோடு இழுத்தால் 5 மிமீதான் நிற்கும். தலைக்கு மேல் என்பதால் 25 மிமீயை இரண்டு தடவையாக ஏற்றினால் தொங்காது. ஈரமான பட்டிக் கத்தியால் ஸ்லாப் மட்டத்துக்குச் சமமாக வழித்துவிடுங்கள். மேலே தோல் கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகும். உள்ளே முழுக்கக் காய வாரக்கணக்கில் பிடிக்கும். அதுவரை அந்தக் கூரையைப் பிரஷர் வாஷரால் கழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் கட்டியதும் காலர். கீலைத் திறந்து பைப்பைச் சுற்றி மூடி, கொக்கியைப் பூட்டி, ஸ்லாபோடு ஒட்டித் தள்ளுங்கள். ஒளி தெரியும் சந்து இருக்கக் கூடாது. பழைய பூச்சுக் கட்டி தடுத்தால் அதைச் செதுக்குங்கள். காதுகளின் துளையைக் குறித்து, ஹேமர் டிரில்லால் துளையிட்டு, இரும்பு ஆங்கரை அடித்து முடுக்குங்கள். கம்பி தட்டுப்பட்டால் அதை வெட்ட முயலாதீர்கள். காலரைச் சில டிகிரி திருப்பினால் வேறு இடம் கிடைக்கும். பிளாஸ்டிக் ராவல் பிளக் மட்டும் கூடவே கூடாது. கண்ணுக்கு எல்லாம் கச்சிதமாகத் தெரியும், ஆனால் தீயில் காலர் உப்பத் தொடங்கும் முன்பே பிளக் உருகி, காலர் பைப்போடு சேர்ந்து கீழே விழும். செலவு செய்து மாட்டிய காலர் ஐந்து ரூபாய் பிளக்கால் போவது இப்படித்தான்.

தளத்தில் காலர் கீழ்ப்பக்கம் ஒன்று போதும். சுவர் என்றால் இரண்டு பக்கமும் வேண்டும், தீ எந்தப் பக்கமிருந்தும் வரலாம். லேசான, நுண்துளை நிறைந்த ஏஏசி பிளாக் சுவரில் ஆங்கர் பிடிக்காது. அங்கே சுவரைத் துளைத்து மறுபக்கம் வரும் திரெட் ராடும் இரண்டு பக்கமும் வாஷர் நட்டும் போட்டு, இரண்டு காலர்களையும் ஒன்றோடொன்று இறுக்குங்கள்.

கடைசியில், ஸ்லாபிலிருந்து அரை மீட்டருக்குள் ஒரு இரும்புக் கிளாம்ப். பிளாஸ்டிக் கிளாம்ப் உருகினால் முழு ஓட்டமும் தன் எடையால் கீழே இழுக்கும்.

நேர்ப் பைப்பே இல்லாத இடம்

நம் ஊர்க் கட்டடங்களில் வேலை நிற்பது இங்கேதான். காலர் நேர்ப் பைப்பைச் சுற்றித்தான் உட்காரும். ஆனால் நஹானி டிராப்பிலிருந்து (பாத்ரூம் ஃப்ளோர் டிராப்) இறங்கும் பைப் ஸ்லாபைத் தாண்டியவுடனே எல்போ போட்டுத் திருப்பியிருப்பார்கள், ஹெட்ரூம் மிச்சம் பிடிக்க. ஸ்லாபுக்கும் எல்போ சாக்கெட்டுக்கும் நடுவே விரல் நுழையாது.

வழி மூன்று. சாக்கெட்டின் மேலேயே மாட்டப் பெரிய அளவுக் காலர் சோதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில தயாரிப்புகளில் எல்போவுக்கும் 45 டிகிரி சாய்வுக்கும் தனி ரிப்போர்ட் உண்டு. இல்லையென்றால் ஸ்லாபுக்கு உள்ளேயே ஊதும் பட்டையைப் பைப்பில் சுற்றி, வெளியே கலவை அடைக்கலாம். பட்டைக்கு வெளிப்பக்கம் கெட்டியான தடுப்பு இருந்தால்தான் அது உள்பக்கம் உப்பும். அதனால் ஸ்லாபுக்கு வெளியே தொங்கும் பைப்பில் வெறும் பட்டையைச் சுற்றிக் கம்பி கட்டுவது பயனற்றது, வெளிப்பக்கமாக உப்பி உதிர்ந்துவிடும். மூன்றாவது, அந்தக் கொத்து முழுவதையும் கால்சியம் சிலிக்கேட் ஃபயர் போர்டால் பெட்டி அடித்து மூடுவது. நான்கைந்து டிராப்புகள் அருகருகே இறங்கும் இடத்தில் பத்துத் தனித்தனி ஒட்டுவேலையைவிட இதுவே நம்பகமானது. பெட்டியில் சோதனைக் கதவு வேண்டும், அதுவும் அதே ரேட்டிங்கில்.

புதுக் கட்டடம் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. சென்டரிங் அடிக்கும்போதே ஷட்டரிங் பலகை மேல் காஸ்ட்-இன் காலரை (கான்கிரீட்டுக்குள்ளேயே பதியும் காலர்) ஆணியடித்து வைத்து, கான்கிரீட் போட்டுவிடலாம்.

சுவரில் சிபிவிசி

ஷாஃப்ட்டிலிருந்து வீட்டுக்குள் வரும் ஒரு இஞ்ச் சிபிவிசியின் வெளிவிட்டம் 28.6 மிமீ. 50 மிமீ துளை போடுங்கள். பக்கத்துக்கு 33 மிலி, இரண்டு பக்கமும் சேர்த்து 66. ஒரு டியூபில் நான்கு துளை முடியும். 9 இஞ்ச் சுவர் என்றால் இரு பக்கமும் 25 மிமீ விட்டு, நடுவில் 180 மிமீயும் ராக்வுல்.

இதில் ஒரே எச்சரிக்கை வேதியியல். சிபிவிசிக்குச் சில பிளாஸ்டிசைசர்களும் கரைப்பான்களும் ஆகாது. அவை பட்ட இடத்தில் பைப் சில மாதத்தில் நுண்விரிசல் விட்டு, அழுத்தத்தில் பிளக்கும். சுவருக்குள் பிளந்தால் கண்டுபிடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பெயிண்ட் உரிந்திருக்கும். தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் சிபிவிசிக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டுமே வாங்குங்கள். பியு ஃபோம், எண்ணெய் கலந்த புட்டி, எம்-சீல் எதுவும் அருகில் வேண்டாம்.

வெந்நீர்ப் பைப்பைக் கலவையில் புதைக்காதீர்கள். மூன்று மீட்டர் சிபிவிசி 40 டிகிரி சூடேறினால் 8 மிமீ நீளும். கீசர் போட்டதும் சுவருக்குள் டக்டக்கென்று கேட்பது அதுதான்.

பியு ஃபோமைப் பற்றி ஒரு வார்த்தை

மஞ்சள் ஃபோம் டின் இப்போது எல்லா பிளம்பர் பையிலும் இருக்கிறது. ஒரு அழுத்தில் எந்த ஓட்டையும் மூடிவிடும் என்பதால் அவருக்கு அது பிடிக்கும். நன்றாகவே எரியும். இளஞ்சிவப்பு நிறத்தில் “ஃபயர் ஃபோம்” என்று வருவதும் குறுகலான நேர்கோட்டு மூட்டுக்காகவே பெரும்பாலும் சோதிக்கப்பட்டது, 110 மிமீ பிவிசிக்கு அல்ல. பிங்க் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ஏசி பைப் போன ஓட்டைகளிலும் இதே கதைதான், அங்கே வெள்ளைப் புட்டி.

சரிபார்ப்பது

இரவில் ஷாஃப்ட்டுக்குள் ஒருவர் டார்ச் அடிக்க, பாத்ரூம் விளக்கை அணைத்துவிட்டு மற்றவர் பார்க்கட்டும். ஊசிமுனை வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. வெளிச்சம் காட்டாத சந்தை ஊதுவத்தி காட்டும். ஷாஃப்ட் காற்றை மேலே இழுத்துக்கொண்டே இருப்பதால், அடைப்பின் ஓரமாக ஊதுவத்தியைக் கொண்டுபோனால் சந்து உள்ள இடத்தில் புகை வளைந்து உள்ளே போகும்.

ஒவ்வொரு அடைப்புக்கும் பக்கத்தில் ஒரு லேபிள்: தயாரிப்பின் பெயர், ரிப்போர்ட் எண், போட்ட தேதி, போட்டவர். அதே எண்ணோடு ஃபோட்டோ எடுத்து அசோசியேஷன் கோப்பில் வையுங்கள். சீலன்ட் போடும் முன் ராக்வுல் தெரியும்படி ஒன்று, முடிந்தபின் ஒன்று. முதல் படம் இல்லாவிட்டால் உள்ளே சாக்கா ராக்வுல்லா என்று பின்னால் உடைக்காமல் சொல்ல முடியாது.

லேபிளில் இன்னொரு வரியும் சேருங்கள்: “இந்த அடைப்பை உடைத்தால் அசோசியேஷனுக்குச் சொல்லவும்.” பாத்ரூம் புதுப்பிக்க வரும் அடுத்த பிளம்பர் காலரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பைப்பை மாற்றி, வெள்ளைச் சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். கழற்றிய காலர் மீட்டர் போர்டுக்கு அடியில் தூசி பிடித்துக் கிடக்கும். அது சேதமில்லாமல் இருந்தால் அதே விட்டப் பைப்பில் திரும்ப மாட்டலாம். சீலன்ட்டைத்தான் புதிதாகப் போட வேண்டும்.